90 நாளில் என்3 உறுதி என்று விற்கும் ஜப்பானிய மொழித் தொகுப்பு: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஜப்பானிய மொழியைத் தாங்களாகவே படிக்க நினைப்பவர்களைக் குறிவைத்து டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு தொகுப்பு விற்பனையாகிறது. "எழுத, படிக்க, பேச எல்லாம் தமிழிலேயே. 90 நாளில் என்3 உறுதி. தேறாவிட்டால் முழுப் பணமும் வாபஸ்." (ஜே.எல்.பி.டி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலை: என்5 எளியது, என்1 கடினமானது, என்3 நடுவில்.) விலை 11,999 ரூபாய். வாங்கி ஏமாந்த ஒருவர் தனக்கு வந்த கோப்புகளையும் ரசீதையும் எங்களிடம் கொடுத்தார். ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தோம். விற்பவர் பெயரை எழுதிப் பயனில்லை. நாளைக்கே வேறு பெயரில் வேறு குழுவில் விற்பார்கள், சரக்கு இதேதான் இருக்கும். அந்தச் சரக்கை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதல் கோப்பிலேயே கோளாறு தொடங்குகிறது. ஜப்பானிய மொழியின் இரு ஒலியெழுத்து வரிசைகளான ஹிராகானா, கத்தகானா அட்டவணைகளை ஒரே பக்கத்தில் காட்டிவிட்டு, "இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, எல்லாவற்றையும் தமிழிலேயே கொடுத்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். அதன்பிறகு கடைசிப் பக்கம்வரை ஜப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் மட்டுமே. புதிதாகப் படிக்க வருபவருக்கு இது பெரிய வசதியாகத் தெரியும். உண்மையில் தொகுப்பிலேயே அதிகக் கெடுதல் செய்யும் பகுதி இதுதான்.

ஜப்பானிய மொழியில் வல்லொலியும் மெல்லொலியும் வெவ்வேறு எழுத்து. நமக்கு இரண்டுக்கும் ஒரே ககரம், ஒரே தகரம், ஒரே பகரம். தங்கத்துக்கும் வெள்ளிக்குமான ஜப்பானியச் சொற்கள் முதல் ஒலியில் மட்டும்தான் வேறுபடும்: தங்கத்துக்கு 'கண்' என்பதில் ஒலிக்கும் ககரம், வெள்ளிக்கு 'பங்கு' என்பதில் ஒலிக்கும் ககரம். இந்தக் கோப்பில் இரண்டுமே 'கின்'. வானிலை 'தென்கி', மின்சாரமும் 'தென்கி'. சாவி 'ககி', பெர்சிமன் பழமும் 'ககி'. இப்படிப் பல நூறு சொற்களைப் படித்து முடித்தவர், பிறகு ஹிராகானா கற்றுக்கொண்டாலும் எந்தச் சொல்லுக்கு எந்த ஒலி என்பதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இதைவிட மறைவான சேதம் ஒன்று உண்டு. மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினத்தை மென்மையாக்கிச் சொல்வது நம் நாக்கின் பழக்கம். 'பம்பரம்' என்று சொல்லும்போது முதல் பகரமும் இரண்டாவது பகரமும் ஒன்றாக ஒலிப்பதில்லை. ஜப்பானிய மொழியில் அப்படி மாறாது. உலாவப் போவதைக் குறிக்கும் 'சம்போ'வில் வருவது கெட்டியான பகரம். கவலையைக் குறிக்கும் 'ஷிம்பாய்' அப்படியே. துணி துவைப்பதைக் குறிக்கும் 'சென்தகு'வில் தகரமும் ககரமும் இரண்டுமே கெட்டி. தமிழில் எழுதிப் படித்தவர் இவை மூன்றையுமே தவறாகத்தான் உச்சரிப்பார், தவறு என்றே அவருக்குத் தெரியாது.

குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. உலகத்தில் பலர் திணறுகிற இந்த இடத்தில் தமிழர் எளிதாகத் தேறிவிடலாம். அத்தைக்கு 'ஒபசன்', பாட்டிக்கு 'ஒபாசன்'. 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் அஞ்சல்தலை. ஆனால் கோப்பைத் தயாரித்தவர்கள் நெடில் குறி இல்லாத ஆங்கில எழுத்துப் பட்டியலைப் பார்த்துத் தமிழாக்கியதால், பாட்டியும் அத்தையும் ஒரே சொல்லாகிவிட்டார்கள். கையில் இருந்ததையும் பறித்துக்கொண்ட இந்த அலட்சியம்தான் எங்களுக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது.

ஹிராகானாவில் அடிப்படை எழுத்து 46, கத்தகானாவிலும் 46. நாளைக்கு ஐந்து முதல் பத்து எழுத்து என்று கையால் எழுதிப் பழகினால் இரண்டு மூன்று வாரத்தில் இரண்டும் வந்துவிடும். இந்தச் சின்ன உழைப்பைத் தவிர்க்கச் சொல்கிற எந்தப் படிப்பையும் தொடாதீர்கள்.

எழுத்துப் பயிற்சிக்கென்று தனியாக ஒரு கோப்பு. அதில் உள்ள கான்ஜிகள், அதாவது சீனத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு வந்த சொல்லெழுத்துகள், சீன எழுத்துருவில் அச்சிடப்பட்டவை. எலும்பைக் குறிக்கும் கான்ஜியைத் தேடிப் பாருங்கள்: ஜப்பானில் அதை 10 கோடுகளில் எழுதுவார்கள், சீனப் பெருநிலத்தில் 9. மேல்பகுதியின் உள்ளே இருக்கும் சிறு மூலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். 'நேர்' என்ற பொருள் தரும் கான்ஜியின் கீழ் இடப்பக்கத்தில் ஜப்பானிய வடிவில் ஒரு மடிப்பு உண்டு; இந்தக் கோப்பில் அது இல்லை. ஹிராகானாவிலும் சிக்கல்தான். 'கி', 'ச' இரண்டும் அச்சில் ஒரே வளைவாகச் சேர்ந்திருக்கும், கையால் எழுதும்போது பிரிந்துதான் வரும். 'கி'க்கு 4 கோடு, 'ச'வுக்கு 3. அச்சு வடிவத்தைப் பார்த்தே எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கைபேசியிலும் இதே எழுத்துருச் சிக்கல் வரலாம். அமைப்புகளில் மொழிப் பட்டியலில் ஜப்பானிய மொழியைச் சேர்த்து, சீனம் இருந்தால் அதற்கு மேலே வைத்துவிடுங்கள்.

சொற்பட்டியலின் தமிழ்ப் பொருளுக்கு வருவோம். ஆங்கிலப் பட்டியலை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்திருக்கிறார்கள், ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. வலப்பக்கத்தைக் குறிக்கும் 'மிகி'க்கு நேரே 'சரி' என்று இருக்கிறது. வசந்த காலத்தைக் குறிக்கும் 'ஹரு'வுக்கு 'நீரூற்று'. எடை குறைந்தது என்று பொருள்படும் 'கருய்'க்கு 'வெளிச்சம்'. கைக்கடிகாரத்துக்கு 'பார்'. விற்பவர் மாதிரிப் பக்கம் அனுப்பினால் இந்தச் சொற்களைத்தான் முதலில் தேடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு பொருள் உள்ள சொற்களில்தான் இந்த வகைச் சரக்கின் சாயம் வெளுக்கும்.

தமிழ் வழியில் கற்பிப்பதாகச் சொல்கிறவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு வரிகூடச் செய்யவில்லை. ஜப்பானிய வாக்கியம் நம்முடையதைப் போல வினையில் முடிவது. வேற்றுமை உருபு போல இடைச்சொல் பெயருக்குப் பின்னால் வரும். அவர்களுடைய 'தெ' வடிவ வினை கிட்டத்தட்ட நம் வினையெச்சம். சாப்பிட்டுப் பார், வாங்கி வை, மறந்துவிட்டேன் ஆகிய மூன்றையும் அதே அமைப்பில், அதே போலத் துணைவினை சேர்த்து ஜப்பானியர் சொல்கிறார்கள். இதை ஒருமுறை காட்டினால் போதும், தமிழ் மாணவர் ஒரு மாத உழைப்பை மிச்சம் பிடிப்பார். இந்தக் கோப்பிலோ அதே 'தெ' வடிவத்துக்கு ஆங்கில இலக்கண விளக்கத்தைத் தமிழ் எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

பாடநூல் என்று வந்தது 'மின்னா நோ நிஹோங்கோ'வின் திருட்டு நகல். நல்ல நூல்தான், தொடக்க நிலைக்கு இரண்டு பாகம், 50 பாடம். ஆனால் அதன் முதன்மை நூல் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் தனிப் புத்தகம். அது இல்லாமல் தனியாகப் படிப்பவருக்கு முதன்மை நூல் திறக்காத கதவு. தொகுப்பில் அந்தத் துணைநூல் இல்லை. போதாக்குறைக்கு, பாடநூல் 1998இன் முதல் பதிப்பு, விடைக்குறிப்பு 2012இல் வந்த இரண்டாம் பதிப்பினுடையது. விடை பொருந்தாத இடங்களில் மாணவர் தன்மேல்தான் சந்தேகப்படுவார்.

ஒலிக்கோப்புகள் கணினிக் குரலில் தயாரித்தவை. அதிலும் பிழை. 'ஒன்று', 'நாள்' என்ற இரு கான்ஜிகள் சேர்ந்தால் ஒரு நாள் என்றும் பொருள், ஒன்றாம் தேதி என்றும் பொருள்; முன்னதை 'இச்சினிச்சி' என்றும் பின்னதை 'ட்சுயிதச்சி' என்றும் வாசிக்க வேண்டும். "ஏப்ரல் ஒன்றாம் தேதி" என்ற வாக்கியத்தில் குரல் 'இச்சினிச்சி' என்கிறது. பேச்சுப் பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. கேட்டதற்கு, "தேர்வில் பேச்சு கிடையாது" என்று பதில் வந்ததாம். தேர்வில் பேச்சும் இல்லை, கையெழுத்தும் இல்லை என்பது உண்மை. ஆனால் விளம்பரத்தில் "எழுத, பேச" என்று சொல்லித்தானே பணம் வாங்கினார்கள்?

இனி அந்த "உறுதி". ஜே.எல்.பி.டி தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு, ஆண்டுக்கு இரண்டே முறை. சென்னையிலும் நடக்கிறது. பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஜூலைத் தேர்வின் முடிவு ஆகஸ்ட் கடைசியில், டிசம்பர்த் தேர்வின் முடிவு ஜனவரி கடைசியில். இவர்களுடைய நிபந்தனையைச் சின்ன எழுத்தில் படித்தால், பணம் வாபஸ் பெற "சேர்ந்த 90 நாளுக்குள் தேர்வு முடிவை அனுப்ப வேண்டும்". தொகுப்பை வாங்கி, படித்து, பதிவு செய்து, எழுதி, முடிவும் வாங்கி அதை 90 நாளுக்குள் அனுப்பவே முடியாது. திருப்பித் தர வேண்டியிராத வாக்குறுதியாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

என்3 எவ்வளவு உழைப்பு என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2010க்கு முந்தைய பழைய தேர்வுமுறையில் மூன்றாம் நிலைக்கு 300 மணி நேரம், இரண்டாம் நிலைக்கு 600 மணி நேரம் என்று வழிகாட்டியிருந்தார்கள். இப்போதைய என்3 அந்த இரண்டுக்கும் நடுவில் அமைக்கப்பட்டது. 450 மணி நேரம் என்று வைத்தாலும் 90 நாளில் ஒரு நாள்கூட விடாமல் தினம் 5 மணி நேரம். தேர்ச்சிக்கு 180க்கு 95 வேண்டும். மூன்று பகுதியிலும் தனித்தனியாக 60க்கு 19க்குக் குறையக் கூடாது. கேட்டல் ஒரு முழுப் பகுதி. கணினிக் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர் அதில் விழுந்தால் மொத்தம் 120 எடுத்தாலும் தோல்விதான்.

"அதிகாரபூர்வ என்3 சொற்பட்டியல்" என்று ஒரு கோப்பு இருக்கிறது. 2010இல் தேர்வு மாறியதிலிருந்து அப்படி ஒரு பட்டியல் வெளியிடப்படவே இல்லை. "கசிந்த வினாத்தாள்" என்று இன்னொன்று. திறந்து பார்த்தால், தேர்வு நடத்துபவர்களே 2012, 2018ஆம் ஆண்டுகளில் வெளியிட்டு இன்றும் தங்கள் தளத்தில் ஒலியோடு இலவசமாக வைத்திருக்கும் பயிற்சித் தொகுப்பு. அட்டையை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

காசு கொடுக்காமலே தொடங்கலாம். ஜப்பான் அறக்கட்டளையின் 'இரோதொரி' பாடநூல் மூன்று பாகமும் ஒலிக்கோப்புகளும் அதன் தளத்தில் இலவசம். மனிதக் குரல், அன்றாட வேலையிடப் பேச்சு. சொற்களை மனப்பாடம் செய்ய 'அங்கி' (Anki) என்னும் நினைவட்டைச் செயலி, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் விலை உண்டு. ஒரு வாக்கியத்தைக் கேட்டு, அரை நொடி பின்னால் அதே வேகத்தில் சொல்லி, உங்கள் குரலைப் பதிவுசெய்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். நாளைக்கு 10 நிமிடம் இதைச் செய்தால் 'சம்போ'வின் பகரம் கெட்டியாகிறதா என்று உங்கள் காதே சொல்லும். வேலைக்காகப் படிப்பவர்கள் கவனிக்க: ஜப்பானில் வேலை செய்யத் தரப்படும் 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு என்4, அல்லது ஜப்பான் அறக்கட்டளையின் அடிப்படை மொழித் தேர்வான ஜே.எஃப்.டி பேசிக்கில் 250க்கு 200 வேண்டும், தொழில் திறன் தேர்வு தனி. என்5 சான்றிதழோடு இந்த விசாவில் வேலை வாங்கித் தருவதாக எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு: "மாதத் தவணை" என்று சொல்லி உங்களிடம் பான், ஆதார், ஓ.டி.பி வாங்கியிருந்தால் அது தவணை இல்லை, உங்கள் பெயரில் நிதி நிறுவனம் கொடுத்த கடன். படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் விழும். கடன் ஒப்பந்தத்தில் விலகும் காலம் எவ்வளவு என்று உடனே பாருங்கள்; ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாளாவது இருக்க வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கட்டினால் அபராதமின்றி வெளியேறலாம். யு.பி.ஐ தானியங்கிப் பிடித்தம் கொடுத்திருந்தால் செயலியில் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். அட்டையில் கட்டியவர்கள் வங்கியில் பரிவர்த்தனையை மறுத்து எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

விளம்பரம், நிபந்தனை, ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து நீக்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும், பணம் கேட்ட அன்றே நீக்கிவிடுகிறார்கள். விற்றவர் காணாமல் போய்விட்டால் இணையக் குற்ற உதவி எண் 1930. பொருளில் மோசடி என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய்வரையான தொகைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.