எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கக் கிளை: முகப்புக்கு இரண்டு நட்சத்திரம், மூன்றாவது கவுன்டருக்கு ஐந்து

புதுக் கடைவீட்டுக்கு மாறிய பிறகு சங்கம் எப்படி இருக்கிறது, கடன் போடலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) தோட்டத்து ஆள்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு சிக்கனக் கடன் சங்கம், அது போதும். அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தோட்டங்களையே வாங்கிய சங்கம். இது மகள் கல்யாணத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கடன் கொடுக்கிற சங்கம்.

உள்ளே போனால் வங்கிக்குள் நுழைந்த மாதிரியே இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், எண் சீட்டு இயந்திரம், ஒரே நிறச் சட்டையில் ஊழியர்கள். சுவரில் சங்கத்தின் நோக்கம், இலக்கு, ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரச் சான்றிதழ், வாடிக்கையாளர் சாசனம் எல்லாம் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்குகின்றன. கடன் மனுவுக்கு மூன்று வேலை நாளில் பதில் என்று சாசனம் சொல்கிறது. என் மனுவுக்குப் பதில் வருவதற்குள் மாதமே மாறிவிட்டது. எண் சீட்டு இயந்திரம் மலாயில் எண்ணைக் கூப்பிடுகிறது, காத்திருப்பவர்களில் பாதிப் பேர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு மூன்றாவது கவுன்டர் அக்கா முகத்தையே பார்க்கிறார்கள். அவரும் திரையைப் பார்ப்பதில்லை. "தாத்தா, நீங்க வாங்க, கால் வலியோட எவ்வளவு நேரம் உக்காருவீங்க" என்று கூப்பிடுகிறார். வரிசையில் யாரும் முணுமுணுப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் அமைப்புகளின் சமூகவியல் என்று ஒரு பாடம் எடுத்தேன், தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இந்தச் சங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மொத்தமும் திரும்பி வந்தது. ஜான் மேயர், பிரையன் ரோவன் என்ற இருவர் 1977-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓர் அமைப்பு விதிமுறை, பிரிவு, சான்றிதழ் என்று சேர்த்துக்கொண்டே போவது வேலை நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை, முறையான அமைப்பு என்று வெளியே மதிப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகவும்தான் என்பது அவர்கள் வாதம். அப்படிச் சேர்த்தது அன்றாட வேலைக்கு ஒத்துவராதபோது இரண்டையும் பிரித்து வைத்துவிடுவார்கள்: காகிதம் ஒரு பக்கம், நிஜ வேலை ஒரு பக்கம். யாரும் உள்ளே ரொம்பத் தோண்டிப் பார்க்கமாட்டார்கள், நல்லெண்ணத்தில் வண்டி ஓடும்.

மூன்றாவது கவுன்டரில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு 555 புத்தகம் இருக்கிறது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டுதான். யார் இந்த மாதம் தவணையில் பாதிதான் கட்ட முடியும், யார் வீட்டில் துக்கம், யாருக்கு அடுத்த வாரம்தான் லோரி வாடகைப் பணம் வரும் என்பதெல்லாம் அதில் பென்சிலில் இருக்கிறது. கணினிக்கு அது எதுவும் தெரியாது. மாதக் கடைசியில் அக்கா இரண்டையும் ஒட்டவைக்கிறார். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பது கணினியை. ஐஎஸ்ஓ சான்றிதழும் அப்படித்தான். 1987-இல் முதலில் வந்த அந்த 9000 வரிசைத் தரம், செய்யும் வேலைக்கு எழுத்தில் நடைமுறை இருக்கிறதா, எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கிற ஒன்று; உங்களுக்குக் கொடுத்தது நல்ல கடனா என்று பார்க்காது.

ஏன் வங்கி வேஷம் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. பால் டிமாஜியோ, வால்டர் பவல் என்ற இரு சமூகவியலாளர்கள் 1983-இல் கேட்ட கேள்வியே, ஒரு துறையில் உள்ள அமைப்புகள் எல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகின்றன என்பதுதான். மேலிருந்து வரும் கட்டாயம் ஒன்று. இங்கே மலேசியக் கூட்டுறவு ஆணையம் 2008-இலிருந்து இருக்கிறது, ஆண்டுக் கூட்டம், தணிக்கை செய்த கணக்கு எல்லாம் கேட்கும். அதை நான் குறை சொல்லமாட்டேன், கணக்குக் கேட்க ஆள் இல்லாத சங்கம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாததா. அடுத்து, என்ன செய்வதென்று தெளிவில்லாதபோது வெற்றி பெற்றவனைப் பார்த்துச் செய்வது. சங்கத்தின் கைபேசிச் செயலி இந்த ரகம். பெரிய வங்கிகளிடம் இருக்கிறது, அதனால் நம்மிடமும் இருக்கிறது; திறந்தால் போன வருட லாப ஈவும் தலைவர் படமும்தான். பிறகு, ஒரே இடத்தில் பயிற்சி எடுத்தவர்கள் ஒரே மாதிரி யோசிப்பது. பெட்டாலிங் ஜெயாவில் 1956-இலிருந்து கூட்டுறவுப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, எந்தச் சங்கத்து மேலாளரும் அங்கே ஒரு தடவையாவது போய் வந்திருப்பார்.

எனக்கு மிகப் பிடித்தது மனுப் பாரம். அதில் "தோட்டம் / டிவிஷன்" என்று ஒரு கட்டம் இன்னும் இருக்கிறது. கிராணி (தோட்டத்து எழுத்தர்) தவணையைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த காலத்துக் கட்டம் அது. ஆர்தர் ஸ்டின்ச்கோம் என்ற சமூகவியலாளர் 1965-இலேயே சொல்லிவிட்டார், ஓர் அமைப்பு பிறந்த காலத்தின் முத்திரை அதன் மேல் நெடுநாள் நிற்கும் என்று. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை 1917-இல் நட்டது நம் தென்னமரம் தோட்டத்தில்தான் என்று பெருமை பேசுகிற ஊர் இது. ஆனால் இன்று உறுப்பினர்களில் பலர் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருந்துகொண்டு தொழிற்சாலை வேனில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களும் அந்தக் கட்டத்தில் அப்பா வேலை செய்த தோட்டத்தின் பெயரை எழுதுகிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடாகிவிட்டது, பாரத்தில் மட்டும் இருக்கிறது.

இனி குறை. மேயர், ரோவன் சொன்ன மாதிரி காகிதமும் நிஜ வேலையும் பிரிந்து கிடப்பது அக்கா இருக்கும்வரை நமக்கு நல்லது. அவர் விடுப்பில் போன அன்று முதல் கவுன்டர் தம்பியிடம் போனேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டு இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. குத்தகைக்கு வேலை செய்கிறவன் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவான்? தம்பி மேல் தப்பே இல்லை, அவருக்குக் கொடுத்த விதியை அவர் பின்பற்றுகிறார். அக்காவுக்கு உங்கள் அம்மாவைத் தெரிந்திருந்தால் ஒரு சங்கம், தெரியாவிட்டால் வேறு சங்கம். புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டாவதுதான் கிடைக்கிறது, இது நியாயமே இல்லை. அக்கா ஓய்வு பெற்றால் 555 புத்தகம் யார் கைக்குப் போகும் என்று நிர்வாகக் குழு யோசித்த மாதிரியும் தெரியவில்லை. குழுவில் வேறு வருடா வருடம் அதே முகங்கள். பிலிப் செல்ஸ்னிக் 1949-இல் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு வளர்ச்சி அமைப்பைப் பற்றி எழுதியதும் இதே சங்கதிதான்: அடித்தட்டு மக்கள் பங்கேற்பு என்று பேசிக்கொண்டே உள்ளூர்ப் பெரிய கைகளை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள், கடைசியில் ஆணையமே அவர்கள் பக்கம் வளைந்தது.

போகிறவர்களுக்கு: சம்பள வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், உட்கார இடம் கிடைக்காது. ஐசி (அடையாள அட்டை) நகலும் ஜாமீன்தாரரின் ஐசி நகலும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே நகல் எடுக்கிற இயந்திரம் பெரும்பாலும் பழுது. செயலியை இறக்க வேண்டாம். எண் சீட்டு எடுங்கள், மரியாதைக்கு. அப்புறம் மூன்றாவது கவுன்டருக்கு நேரே உட்காருங்கள். மனக்குறை இருந்தால் வாசல் கருத்துப் பெட்டியில் எழுதிப் போடாதீர்கள், அதன் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் தொடங்குவதற்கு முன்னால் எழுந்து கேளுங்கள், கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் ஏறிவிட்டால் அடுத்த வருடம் பதில் கேட்க உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.