பழைய ஃபார்ச்சூனர்: செட்டிநாட்டுக்கு எந்தத் தலைமுறை ஒத்துவரும்?

செட்டிநாட்டில் பெரிய வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோவில் திருவிழா என்று ஊருக்கு வந்தால் ஒரு வாரம் பத்து நாள் வண்டி ஓயாமல் ஓடும். மற்ற நாளெல்லாம் பின்கட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடக்கும். பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் தேடுகிறவர்கள் இதை வைத்துத்தான் தலைமுறையை முடிவு செய்ய வேண்டும். பவர், பார்வை எல்லாம் அப்புறம்.

சந்தையில் கிடைப்பது மூன்று. 2009-லிருந்து 2016 வரை வந்த முதல் தலைமுறை, இதில் பெரும்பாலும் 3.0 லிட்டர் 1கேடி டீசல் எஞ்சின். 2016 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையின் பிஎஸ்4 (புகை மாசு விதி) வண்டி, இதில் 2.8 லிட்டர் 1ஜிடி. அதே வண்டி 2020-ல் பிஎஸ்6 ஆனது. எங்கள் ஓட்டு நடுவில் இருப்பதற்கு. பெட்ரோல் 2.7 இந்தியாவில் டூ வீல் டிரைவாக (பின்சக்கரம் மட்டும் இழுப்பது) மட்டுமே வந்தது, அதனால் இங்கே அதற்கு வேலையில்லை.

சொகுசைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இருக்கை, சத்தம், ஹெட்லைட் எல்லாவற்றிலும் இரண்டாம் தலைமுறை ஒரு படி மேல். முதல் தலைமுறை பின்சீட்டில் உட்கார்ந்தால் மேடுபள்ளத்தில் தூக்கிப்போடும். அதன் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். ஏழு பேரும் சாமானும் ஏற்றிய வண்டியை நிறுத்தக் காலை அழுத்தித்தான் மிதிக்க வேண்டும். உயரம் இரண்டிலும் ஒன்றுபோலத்தான், அப்பத்தாவோ ஆயாவோ ஏற வேண்டுமானால் புட்போர்டு கட்டாயம். இரண்டாம் தலைமுறையின் அகலம் 1,855 மிமீ, கண்ணாடி சேர்க்காமல். வில்வண்டி நின்ற கொட்டகைக்குள் விடுவதாக இருந்தால் டேப் வைத்து அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இரண்டு தலைமுறைக்கும் பொதுவான பலம் இன்னோவா. பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் 2கேடி எஞ்சினும் முதல் ஃபார்ச்சூனரின் 1கேடியும் ஒரே குடும்பம். 2016-க்குப் பிறகு வந்த கிரிஸ்டாவில் இருப்பதும் ஜிடி குடும்பம்தான், அதன் 2.8 ஆட்டோமேட்டிக்கில் இதே 1ஜிடி. காரைக்குடி, தேவகோட்டை டிராவல்ஸ் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் எவருக்கும் இரண்டும் கைப்பழக்கம். எஞ்சின் வேலைக்காகத் திருச்சிக்கும் மதுரைக்கும் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. இந்த அளவுள்ள ஐரோப்பிய வண்டிகளில் இந்த நிம்மதி கிடைக்காது.

இனி முக்கியமான விஷயம். நிற்கிற வண்டியில் முதலில் சாவது ரப்பரும் பேட்டரியும். முதல் தலைமுறை இந்த இடத்தில்தான் தோற்கிறது, ஏனென்றால் 1கேடியில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை. 1,50,000 கிமீ ஆனதும் டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியும். 2011 வண்டி ஒன்று 80,000 கிமீ மட்டும் ஓடியிருந்தால் விளக்கு எரியாது, ஆனால் பெல்ட்டின் வயது பெல்ட்டுக்குத் தெரியும். கிலோமீட்டர் எதுவானாலும் பத்து வருடத்துக்கு மேல் பழைய பெல்ட்டை நம்பி ஓட்டக் கூடாது. அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் வேலையாகிவிடும். இன்னொன்று: பெல்ட் மாற்றாமலே அந்த விளக்கை மட்டும் ரீசெட் செய்துவிடலாம். ஆகவே விளக்கு எரியவில்லை என்பது சாட்சியல்ல. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தாங்கி ஓடும் ஐட்லர் உருளை மூன்றுக்கும் பில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கியதும் முதல் செலவு அதுதான் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

1கேடியின் அடுத்த நோய், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு ஆயிலுக்குள் இறங்கும், ஆயில் தார் மாதிரி ஆகும், கடைசியில் சம்ப்புக்குள் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஆயில் ஸ்ட்ரெய்னர் அடைத்துக்கொள்ளும். ஆயில் மேலே ஏறாவிட்டால் முழு எஞ்சினும் போச்சு. வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு அணையத் தாமதமானாலோ, டக் டக்கென்று தட்டும் சத்தம் நீடித்தாலோ யோசிக்க வேண்டும். ஐட்லில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள், புஸ் புஸ்ஸென்று வேகமாக வாயு தள்ளினால் அந்த வண்டி வேண்டாம். புது இன்ஜெக்டர் போட்டிருந்தால் அதன் மேல் உள்ள குறியீட்டு எண்ணை ஸ்கேன் டூல் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டிவிட்டால் ஐட்ல் முரடாக இருக்கும், புகையும் தள்ளும்.

முதல் தலைமுறைக்குச் சாதகமாக ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் ஃபோர் வீல் எப்போதும் நான்கு சக்கரத்தையும் இழுப்பது, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும், பூட்டக்கூடிய நடு டிஃபரன்ஷியலோடு. மழையில் தார் ரோட்டிலும் பிடிமானம் இருக்கும். ஊரிலேயே இருந்து தோட்டம், கண்மாய்க்கரை என்று தினமும் ஓட்டுகிறவருக்கு, பெல்ட் மாற்றிய நல்ல வண்டி கிடைத்தால், கொடுக்கிற காசுக்கு அதுதான் லாபம். ஒரு நிபந்தனை: நாலு டயரும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். இரண்டு புதுசு இரண்டு பழசு என்று ஓட்டினால் நடு டிஃபரன்ஷியல் சும்மா தேயும்.

இரண்டாம் தலைமுறை 1ஜிடியில் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். நிற்பதால் அது கெடாது, ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றினால் போதும். பில்டரோடு ஏழரை லிட்டர் பிடிக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை. டார்க் (இழுவிசை) ஆட்டோமேட்டிக்கில் 450 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 420, பழைய 3.0 மேனுவலில் 343 தான். ஆறு கியர் என்பதால் சென்னைப் பயணத்தில் எஞ்சின் அடங்கி ஓடும். குறையும் உண்டு. செம்மண் புழுதி ஏர் பில்டரைத் தாண்டிக் காற்று சென்சாரில் படிந்தால் வண்டி இழுக்காது, எனவே பில்டர் கம்பெனிப் பொருளாகவே இருக்கட்டும். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழியாக இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் வழி) கரி சேரும், ஒரு லட்சம் கிமீ தாண்டிய வண்டியில் கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள்.

இதன் ஃபோர் வீல் சுவிட்சைத் திருப்பிப் போடுவது. காய்ந்த தார் ரோட்டில் போடக் கூடாது, திருப்பத்தில் முன்பக்கம் முறுக்கிக்கொள்ளும். அதற்காகப் போடாமலே விட்டாலும் தவறு. மாதம் ஒருமுறை மண் பாதையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டினால்தான் முன் டிஃபரன்ஷியலில் ஆயில் சுற்றும்.

பிஎஸ்6 வண்டியை நாங்கள் தள்ளி வைப்பதற்கு ஒரே காரணம் டிபிஎஃப். புகைக்கரியைப் பிடித்துவைத்து, சைலன்சர் நன்றாகச் சூடான பிறகு எரித்துவிடும் வடிகட்டி அது. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் தானாகவே சுத்தமாகும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று குட்டித் தூரமே ஓடினால் சூடு ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடும், கரி சேர்ந்துகொண்டே போகும். ஆயிலும் சாம்பல் குறைந்த வகைதான் ஊற்ற வேண்டும். கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் குறையும். மாதாமாதம் சென்னை போய் வருகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் தாராளமாகப் பிஎஸ்6 எடுக்கலாம். பிஎஸ்6 வண்டிகள் இந்தப் பக்கம் இன்னும் நீண்ட வருடம் நின்று பழகவில்லை என்பதால் இந்தத் தீர்ப்பை இப்போதைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் வாட்ச்மேனிடம் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்வதை நிறுத்துங்கள். எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் ஆயிலில் ஈரம் தங்கும், ஸ்டார்ட்டருக்குச் செலவான பேட்டரியும் நிரம்பாது. டிரைவரை வரச்சொல்லி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுவது மேல். அதற்கும் ஆள் இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, டேங்க் நிறைய டீசல் போட்டு நிறுத்துங்கள். பாதி டேங்க் என்றால் உள்ளே நீர் கோக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விடக் கூடாது. கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முதல் தலைமுறையில் மழைக்காலம் முடிந்து வந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். கொட்டகையில் நெல் மூட்டை இருந்தால் எலி கட்டாயம் வரும், வயரிங்கைக் கடித்துவிட்டால் அந்தச் செலவு தனி.

பேப்பர் பக்கம். 2010, 2011 வண்டிகள் 15 வருடத்தை எட்டிவிட்டன. ஆர்சியை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்; 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு மத்திய அரசுக் கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி வேறு. இரண்டாம் தலைமுறையில் முதல் வண்டிக்கே 2031 வரை அந்தக் கவலை இல்லை. விற்கும்போது விலை நிற்பதற்கும் இது ஒரு காரணம். டெல்லியில் டீசலுக்கு 10 வருடக் கெடு வந்த பிறகு அங்கிருந்து மலிவாக வண்டிகள் இறங்கத் தொடங்கின. என்ஓசி (பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, பேர் மாற்றம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

சென்னை வண்டியானால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது, கார்பெட்டைத் தூக்கிக் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது, இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேட்பது எல்லாம் அரை நாள் வேலை. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டயரின் பட்டன் (தரையில் படும் மேடுகள்) புதுசாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டியிருந்தால் நாலு டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். இரண்டாம் தலைமுறை ஃபோர் வீல் வண்டிக்கு 265/60 ஆர்18, டூ வீலுக்குப் பெரும்பாலும் 265/65 ஆர்17. பின்கதவில் ஃபோர் வீல் ஸ்டிக்கர் ஒட்டி 17 இன்ச் சக்கரத்தோடு வந்தால் குனிந்து அடியில் பாருங்கள்: முன்பக்கத்துக்கு ஒரு புரொபெல்லர் ஷாஃப்ட் (சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் சுழல் தண்டு) போக வேண்டும், டேஷ்போர்டில் ஃபோர் வீல் சுவிட்ச் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது டூ வீல், விலையையும் டூ வீல் விலையாகவே பேச வேண்டும்.