அக்கிக்குக் காவியா, மாத்திரையா, ஊசியா?

காரைக்காலில் எங்கள் தெருவில் யாருக்காவது அக்கி வந்தால் நேரே குயவர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் காவிக்கல்லை உரைத்து, கொப்புளம் கிளம்பிய இடத்தில் சிங்கம் ஒன்று வரைவார். அக்கி எழுதுவது என்று பெயர். பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், நாங்கள் இருக்கும் சேன் ஆந்த்ரேயில் குயவர் இல்லை. ஆனால் போன ஆண்டு அத்தைக்கு விலாவில் அக்கி வந்தபோது பூஜை அலமாரியிலிருந்து காவிப்பொடி வந்துவிட்டது. அக்கி அம்மை என்று பெயரிலேயே அம்மை இருக்கிறதே, மருந்து சாப்பிட்டால் மாரியம்மன் கோபிப்பாளே என்ற பயம் வேறு. ஐந்தாம் நாள்தான் டாக்டரிடம் போனோம். பார்த்ததுமே “சோனா” என்றார். பிரெஞ்சில் அக்கிக்கு அதுதான் பெயர்.

காவியை நான் கேலி செய்யவில்லை. குளிர்ச்சியாக இருக்கும், கொஞ்சம் எரிச்சல் அடங்கும். பிரான்சிலும் கிராமத்தில் அக்கியின் ‘நெருப்பை வெட்டுகிறேன்’ என்று கையை நீட்டுகிறவர்கள் உண்டு. எழுதினால் ஆறியது என்று ஊரே சாட்சி சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: எதுவும் செய்யாவிட்டாலும் கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். காவி தோலோடு நின்றுவிடுகிறது, நோயோ நரம்பில் இருக்கிறது. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதாவது ஒரு நரம்பு வழியாக இறங்கி வரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போல எழும்புகிறது. அது முழுச் சுற்று சுற்றினால் உயிர் போய்விடும் என்று அத்தை நடுங்கினார். பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதே இல்லை.

மாத்திரையின் வேலை அந்த நரம்பில் வைரஸ் பெருகாமல் தடுப்பது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எங்கள் ஐந்து நாளின் விலை இதுதான். அசைக்ளோவிர் பழைய மருந்து: 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். விழுங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது, அதனால்தான் இத்தனை வேளை. வாலசைக்ளோவிர் உடம்புக்குள் போய் அதே அசைக்ளோவிராகத்தான் மாறுகிறது, ஆனால் பாதிக்கு மேல் சேர்ந்துவிடும். 1000 மில்லிகிராம், மூன்று வேளை போதும். வயதானவர்களுக்கு இரண்டாவதுதான் என் ஓட்டு. ஐந்து வேளை மாத்திரையை அத்தை நினைவு வைத்துக்கொள்வார் என்று யார் உத்தரவாதம் தருவது? எதுவானாலும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம். கண்ணுக்கு ஆபத்து, அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்புறம், கொப்புளம் காயும்வரை கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தள்ளி வைப்பது நல்லது. கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம்.

கொப்புளம் போய் மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி நீடித்தால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை அதற்கு அசையாது. காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்புக்கான மருந்துகளைத் தருவார்கள், அவை தலை சுற்றலையும் தூக்கத்தையும் சேர்த்தே தரும். அத்தைக்கு இன்றும் ரவிக்கை உரசினாலே சுருக்கென்கிறது. முழங்கையில் துணியைத் தூக்கிப் பிடித்தபடிதான் கோயிலில் உட்காருகிறார்.

சரி, வராமலே தடுக்க முடியுமா? சோஸ்டாவாக்ஸ் என்ற, இப்போது விற்பனையில் இல்லாத பழைய ஊசி உயிருள்ள, பலம் குறைத்த வைரஸ். ஒரே ஊசி. அறுபது தாண்டியவர்களிடம் செய்த பெரிய சோதனையில் அக்கியைப் பாதியளவுதான் குறைத்தது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குப் போடவும் கூடாது என்றிருந்தது. புதியது ஷிங்ரிக்ஸ். அதில் வைரஸின் ஒரு புரதம் மட்டுமே இருப்பதால் அந்தத் தடை இல்லை. சோதனைகளில் ஐம்பது வயதுக்கு மேல் 97 சதவீதம், எழுபதுக்கு மேலும் 90 சதவீதம் அளவுக்குத் தடுத்தது. குறை என்னவென்றால் இரண்டு முறை குத்த வேண்டும், இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். கை நன்றாக வலிக்கும். பலருக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு நாள் காய்ச்சலுக்கும் அத்தையின் ரவிக்கைக்கும் ஒப்பீடே கிடையாது.

பிரான்சின் சுகாதார ஆணையம் 2024இல் ஷிங்ரிக்ஸை 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றிய 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பரிந்துரைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அரசுக் காப்பீடு 65 சதவீதம் தருகிறது. ரீயூனியனுக்கும் அதே விதிதான். ஆனால் வந்துவிட்ட அக்கியை ஊசி ஆற்றாது, அதற்கு மாத்திரைதான்.

என் கணவருக்கு 66 வயது, சர்க்கரையும் உண்டு. முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவதைத் தீமிதிக்குக் காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே முடித்துவிட வேண்டும் என்று அத்தைதான் நாள் குறித்திருக்கிறார்.