ஆத்தங்குடிக் கல்லா, விட்ரிஃபைடா? எங்கள் புது வீட்டுத் தரைக்கு எது?

பள்ளத்தூரில் நாங்கள் கட்டும் வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது. அடுத்தது தரை. "தம்பி, எந்தக் கல்லுன்னு முதல்ல சொல்லுங்க. அப்பத்தான் கல்லுக்கு அடியில போடற தளத்தை எந்த மட்டத்துல நிறுத்தறதுன்னு பாக்க முடியும்" என்று கொத்தனார் ஒரு வாரமாகக் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம். ஆத்தங்குடிக் கல் என்பது செட்டிநாட்டு ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல், முக்கால் அங்குலக் கனம். அடியில் கலவை வேறு கெட்டியாகப் போட வேண்டும். விட்ரிஃபைட் என்பது ஆலையில் சுட்டெடுக்கும் டைல், ஒரு சென்டிமீட்டர்தான். பசை போட்டு ஒட்டினால் மட்டம் அவ்வளவாக ஏறாது. பிறகு மனசு மாறினால் கதவின் அடியை அறுக்க வேண்டியதுதான்.

ஆத்தங்குடியில் போய் நின்று பார்த்தேன். கண்ணாடிமேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, கடைசியில் ஈரக் கலவையால் நிரவுகிறார்கள். சூளை கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது வரும் அந்த மினுமினுப்பு, நடக்க நடக்கக் கூடும். எங்கள் பழைய வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஓடி வளர்ந்தவன் நான். சித்திரை வெயிலிலும் பாய் விரிக்காமல் அந்த ஆத்தங்குடித் தரையில் படுத்திருக்கிறேன்.

ஆனால் சமையலறைக்கு அதைப் போடமாட்டேன். மாதிரிக்கு வாங்கிய இரண்டு கல்லிலும் ஆத்தா கல்லுக்குப் பாதியாக எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலை விட்ரிஃபைடைத் துணியால் துடைத்ததும் சுத்தம். ஆத்தங்குடிக் கல்லில் வெளிறிய வட்டம், தேங்காயெண்ணெய் தேய்த்தும் போகவில்லை. சிமென்ட்டைப் புளிப்பு அரிக்கும். சொந்தக்காரர் வீட்டில் சிமென்ட் கறை போகட்டும் என்று ஆசிட் ஊற்றிக் கழுவி, பூ வேலைப்பாடே மங்கிப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

விட்ரிஃபைடுக்கு இந்தப் பயமில்லை. உயர்ந்த சூட்டில் சுட்டது, அரை சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. பதிப்பதும் சீக்கிரம் முடியும். ஆனால் வடிவம் பெரும்பாலும் மேல்தோலில் அச்சடித்ததுதான். சில வருஷம் கழித்து ஒன்று உடைந்தால் அதே ரகம் கடையில் இருக்காது. இப்போதே நாலைந்து பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வைக்க வேண்டும். ஆத்தங்குடியில் அச்சு இருக்கிறது, கேட்டால் ஊற்றித் தருவார்கள்.

கூலியைப் பார்த்தால் ஆத்தங்குடிக்குத்தான் அதிகம். வரிசை பிசகாமல் ஒட்டி ஒட்டிப் பதிக்கிற கை வேண்டும். அதில் நான் பேரம் பேசப்போவதில்லை.

முகப்புக்கும் ஹாலுக்கும் ஆத்தங்குடி, சமையலறைக்கும் படுக்கையறைகளுக்கும் விட்ரிஃபைட் என்று முடிவாகிவிட்டது. கல்லுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பெயின்ட் சொட்டினால் கறை ஊறிவிடும் என்பதால், சுவருக்குக் கடைசி பெயின்ட் அடித்து முடியும்வரை வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.