இலைவெட்டி எறும்பும் கறையானும்: பூஞ்சை வளர்க்கும் இரு முறைகள்

நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் வாழும் இலைவெட்டி எறும்புகள் இலைத் துண்டுகளைக் குடைபோல் ஏந்திச் செல்வது அவற்றைத் தின்பதற்காக அன்று. நிலத்தடி அறைகளில் இலையை மென்று கூழாக்கி, அதன்மேல் பூஞ்சை வளர்த்து, இழை நுனிகளில் திரளும் சத்துமிக்க சிறு குமிழ்களையே தம் புழுக்களுக்கு ஊட்டுகின்றன. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கறையான்களில் ஒரு பிரிவு இதே தொழிலைத் தனியாகவே கைக்கொண்டது. சருகையும் மரத்தையும் பூஞ்சை வித்துகளோடு சேர்த்து விழுங்கி, வெளியேறும் எச்சத்தாலேயே துளைகள் நிறைந்த பாத்தியைக் கட்டுகிறது.

என் பார்வையில் பெரிய வேறுபாடு விதையில்தான் இருக்கிறது. புதுக்கூடு அமைக்கப் பறந்து செல்லும் எறும்பு ராணி, தாய்க்கூட்டுப் பூஞ்சையில் ஒரு துளியை வாய்ப்பையில் சீதனமாக எடுத்துச் சென்று, தன் கழிவையே உரமாக இட்டு வளர்க்கிறது. பெரும்பாலான கறையான் இனங்களிலோ, முதல் வேலையாட்கள் வெளியிலிருந்து வித்தைக் கொண்டுவர வேண்டும். அதனால் கறையானின் பூஞ்சை காளானாகி வித்துப் பரப்பியாக வேண்டும். மழைக்குப் பின் நம் ஊர்களில் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அதுவே. எறும்பின் பூஞ்சை காளானாவது மிக அரிது.

களையெடுப்பில் எறும்பு ஒருபடி மேல்: சில இனங்களின் மார்பில் மாவு பூசியதுபோல் படிந்திருக்கும் பாக்டீரியா, தோட்டத்தை அழிக்கும் ஒட்டுண்ணிப் பூஞ்சைக்கு எதிரான மருந்தைச் சுரக்கிறது.