அம்மா எண்ணிய மூன்று புள்ளிகள்

அப்பா திருகோணமலையில் கணிதம் படிப்பித்தவர். அவர் காலமான பிறகு, அவர் படிப்பித்த பாடசாலைக்கு ஒரு சுழற்கேடயம் கொடுத்தோம். அதற்காக நான் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்து, ஒரு கடையில் அவசரம் அவசரமாகச் செய்வித்தேன். பரிசளிப்புக்கு முதல் நாள் மாலை தாளில் சுற்றித் தந்தார்கள். மேடையில் பிரித்தபோதுதான் கண்ணில் பட்டது: பித்தளைத் தகட்டில் ‘கணிதம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கனிதம்’. அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த விழாப் படத்தை வீட்டில் மாட்ட அவர் விடவே இல்லை.

இந்த ஆகஸ்டில் புதுக் கேடயம் செய்வது என்று முடிவெடுத்துத்தான் வந்தேன். பயணம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இருந்து இரவு ரயில், கல்ஓயாச் சந்தியில் நல்ல நித்திரை, விடியக் கடற்காற்று. இந்த முறை எழுத வேண்டியது, லேசரால் எழுத்துப் பொறிக்கும் ஒரு கடையைப் பற்றித்தான்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, சின்னக் கடை. உள்ளே இரண்டு இயந்திரம். வாடிக்கையாளர் இருக்கும் பக்கம் சுவரில் ஒரு டிவி. அதில் இயந்திரத்தின் உள்மேடை அப்படியே தெரிகிறது. மூடிக்குள் ஒரு யு.எஸ்.பி. கமரா பூட்டியிருக்கிறார்கள். கடைக்காரத் தம்பி முதலில் எங்கள் தேக்குப் பலகையை உள்ளே வைத்தார். கணினியில் பலகையின் நேரடிப் படத்துக்கு மேலேயே எழுத்துகளை வைத்துக் காட்டினார். வலது ஓரத்தில் ஒரு கணு. “இதிலே எழுத்து விழுந்தால் ஒரே மாதிரிக் கருகாது அக்கா” என்று சொல்லி, முழு வாசகத்தையும் இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார். முன்பெல்லாம் இப்படி ஒரு விஷயம் நடந்ததே எங்களுக்குத் தெரிய வந்திருக்காது.

வாசகத்தை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். எங்கள் ஊரில் இன்னும் நிறையக் கடைகளில் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில்தான் வேலை. யூனிகோடில் அனுப்பியதைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து சிதறிவிடும். அதனால் ஆட்கள் திரும்பத் தட்டச்சு செய்வார்கள்; பிழை நுழைவது அங்கேதான். இந்தத் தம்பி வாசகத்தைக் கையால் எழுதிப் படமாகவும் அனுப்பச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். அதற்குப் பிறகும் தேக்கில் கை வைக்கவில்லை. முதலில் ஒரு கழிவுப் பலகைத் துண்டில் ‘கணிதத்தில் முதலிடம்’ என்ற வரியை மட்டும் ஓடவிட்டார்.

லேசர் எங்களைப் போல ஒவ்வோர் எழுத்தாக எழுதுவதில்லை. மேலிருந்து கீழாக, இடமும் வலமும் ஓடி ஓடி, நெசவு மாதிரி வரி வரியாகச் சுடுகிறது. தமிழில் அப்படி ஓடினால் முதலில் வருவது புள்ளிகளும், ‘ணி’, ‘தி’ போன்றவற்றின் மேல்விசிறிகளும்தான். எழுத்தின் உடம்பு பிறகு. அம்மா கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். த், ல், ம். மூன்று புள்ளி வரவேண்டும். “தம்பி, கடைசி எழுத்தைப் பாருங்கோ, ‘ம’ மாதிரித்தான் கிடக்கு” என்றார்.

தம்பி நிறுத்தி, கமராவில் பெரிதாக்கிப் பார்த்தார். புள்ளி கோப்பில் இருந்தது, மரத்தில் இல்லை. காரணத்தையும் அவரே விளங்கப்படுத்தினார். மரத்தைச் சுடும் இயந்திரத்தில் லேசர் ஒளியைத் தருகிற கரியமில வாயுக் குழாய் முழுப் பலத்துக்கு வர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு செக்கன் எடுக்கும். தலை செக்கனுக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் அந்த நேரத்துக்குள் 0.4 மில்லிமீட்டர் தாண்டிவிடும். புள்ளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சூடு பிடிப்பதற்குள் இடம் கடந்துவிடுகிறது. மெல்லிய நிமிர்ந்த கோடுகளும் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தன. வேகத்தை 150க்குக் குறைத்து, புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக்கி மறுபடி ஓடவிட்டார். மூன்றும் கறுப்பாக விழுந்தன.

இந்த இடத்தில் அப்பா ஞாபகம் வந்தது. கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டை வாசலில் நிறுத்தி, அங்கே உள்ள இரட்டை மீனையும் தமிழ்க் கல்வெட்டையும் காட்டுவார். 1622இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டிய கதையைச் சொல்வார். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது, ஓலையில் குத்தினால் ஓலை கிழியும் என்றும் சொல்வார். படிக்கிறவன்தான் மனத்தில் புள்ளி வைத்துப் படிக்க வேண்டுமாம். இன்று படிக்கப்போவது பதினொரு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குப் புள்ளி கண்ணில் தெரிய வேண்டும்.

தேக்கு வேலையை மாலை ஏழு மணிக்கு வைத்தோம். கனடாவில் அப்போது காலை ஒன்பதரை. ஸ்காபரோவில் இருந்து அண்ணா வீடியோ அழைப்பில் வந்தார். தம்பி போனை டிவிக்கு முன்னால் பிடிக்கவில்லை. கமராப் படத்தையே அழைப்புக்குள் கொடுத்தார், அதனால் தெளிவு நன்றாக இருந்தது. தொடங்கியதும் சுடர்ப்பொட்டு வெள்ளையாக எரிய, மற்றதெல்லாம் இருண்டது. கமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யப் பார்ப்பதால் அப்படியாம். அதைக் கையால் பூட்டியதும் மரத்தின் இழை கூடத் தெரிந்தது. புகை கண்ணாடியில் படிவதால் தினமும் காலையில் கமராவைத் துடைக்கிறாராம். காற்றாடி ஓடினாலும் கடைக்குள் கருகல் மணம் இருக்கத்தான் செய்கிறது. இழுப்பு உள்ளவர்கள் வெளியே வாங்கில் இருப்பது நல்லது.

பித்தளைத் தகடு மற்ற இயந்திரத்தில், உலோகத்தில் பொறிக்கும் ஃபைபர் லேசரில். அதற்கு உள்ளே கமரா இல்லை. அதன் 1064 நானோமீட்டர் ஒளி எங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கமராவின் கண்ணாடியைக் கடந்து உணரியையே சுட்டுவிடும். எங்கள் விழித்திரைக்கும் அதே கதி. மரத்துக்கான 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும், அதனால்தான் அங்கே கமரா உள்ளே இருக்கலாம். பித்தளைக்குப் பாதுகாப்புக் கண்ணாடிக்கு வெளியே கமராவை வைத்துத்தான் காட்டினார். படம் கொஞ்சம் நிறம் மாறி வந்தது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. காட்ட வேண்டும் என்பதற்காக மூடியைத் திறந்து வைத்திருந்தால்தான் எழுந்து வந்திருப்பேன். நாங்கள் இருக்கும்போதே ஒருவர் பி.வி.சி. தகடு கொண்டுவந்தார். அதைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைட்டு வாயு வரும், ஆளுக்கும் இயந்திரத்துக்கும் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வந்த வேலையை அப்படி விடுவது லேசில்லை.

இன்னொன்றும் பிடித்தது. ஒருவருடைய வேலை முடிந்து அடுத்தவருடையது ஏறும்போது, அந்த அடுத்தவரின் சம்மதம் கேட்டுத்தான் தம்பி டிவியைத் திரும்பப் போடுகிறார். நினைவுக்கல் படங்கள், கலியாணப் பெயர்கள் எல்லாம் அந்த மேடையில்தானே கிடக்கின்றன.

கேடயத்தைப் பாடசாலையில் கொடுத்துவிட்டோம். பழையதில் இருந்த தகட்டை அம்மா கேட்டு வாங்கி வந்தார். அதன் பின்பக்கத்தைத் தேய்த்து, சரியான எழுத்தோடு பொறித்துத் தரலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறார். வீட்டில் அப்பா படத்துக்குக் கீழே வைக்க. வருகிற வெள்ளி மாலை ஏழு மணிக்கு. அண்ணாவுக்கு நேரம் அனுப்பியாகிவிட்டது.