வீட்டு வேலைகளுக்கு நடுவே குறுக்கெழுத்து: நேர்க்குறிப்பா, கிரிப்டிக்கா?

குறுக்கெழுத்துப் புதிர் பழக முடிவு செய்தபோது என் முன் இரண்டு வகைகள் இருந்தன. ‘பூமியின் துணைக்கோள்’ என்று கேட்டு ‘நிலவு’ என்ற விடையை எதிர்பார்ப்பது நேர்க்குறிப்புப் புதிர். பொருளையும் அந்தச் சொல்லைக் கட்டும் வழியையும் ஒரே வாக்கியத்தில் ஒளித்துவைப்பது கிரிப்டிக். முதல் வகையில் ஓராண்டைக் கழித்துவிட்டுத்தான் இரண்டாவதற்கு மாறினேன். பள்ளி செல்லும் பிள்ளை உள்ள வீட்டில் தொடக்கத்திலேயே கிரிப்டிக்கைக் கையிலெடுப்பது நல்லது என்பது இப்போது என் உறுதியான கருத்து.

நேர்க்குறிப்பின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவையே: விதிகளைக் கற்க வேண்டியதில்லை, சொல்வளம் பெருகும், சீக்கிரம் முடியும். தமிழில் இதற்கு ஒரு தனிப் பலமும் உண்டு. ஆங்கிலக் கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்று அமர்கிறது. தமிழில் உயிர்மெய் முழுதாக ஒரே கட்டத்தில் அமர்வதால் 247 எழுத்துகளில் ஒன்று அமர்கிறது. குறுக்கே செல்லும் சொல்லிலிருந்து ‘ழை’ கிடைத்துவிட்டால், பொருந்தக்கூடிய சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஆனால் இந்தப் பலமெல்லாம் கட்டம் கண்முன் இருக்கும் வரைதான். நேர்க்குறிப்புக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் குறுக்கே எழுத்து விழும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. எனக்கோ தொடர்ந்தாற்போல் உட்காரக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம்தான். அதற்குள் யாராவது கூப்பிட்டுவிட்டால் புதிர் அங்கேயே நின்றுவிடும். எழுந்து போகும் என்னோடு வருவதற்கு அதில் ஒன்றுமில்லை.

கிரிப்டிக் குறிப்பு அப்படியல்ல. ஒருநாள் மாலை, ‘கற்பனையின் தொடக்கத்தோடு வித்து சேர்ந்தால் பாட்டு (3)’ என்ற குறிப்பைப் படித்து முடிப்பதற்குள், “அம்மா, இந்தக் கணக்கு சரியா பாரு” என்று மகள் நோட்டை நீட்டினாள். கணக்கைத் திருத்திவிட்டு, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதும் அந்த வாக்கியம் மனதிலேயே நின்றது. கற்பனை எப்படித் தொடங்குகிறது என்றுதான் முதலில் யோசித்தேன். நாலைந்து துணி மடித்த பிறகே, கற்பனை என்ற சொல்லின் முதல் எழுத்தான ‘க’ மட்டுமே கேட்கப்படுகிறது என்பது உறைத்தது. வித்து என்றால் விதை. ‘க’வோடு ‘விதை’ சேர்ந்தால் கவிதை; அடைப்புக்குறியில் கேட்ட மூன்று எழுத்தும் சரி. பாட்டு என்ற பொருளும் பொருந்துகிறது. கட்டத்தைப் பார்க்காமலே, குறுக்கே செல்லும் சொல்லிலிருந்து ஓர் எழுத்தும் கிடைக்காமலே, விடை சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல கிரிப்டிக் குறிப்பு பொருள் வழியாகவும் சொல்லைக் கட்டும் வழியாகவும் ஒரே விடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால், சரிபார்ப்பதற்கும் கட்டத்தை நாட வேண்டியதில்லை. வேலை நடுவில் கிடைக்கும் துண்டு நேரத்துக்கு இதைவிட ஏற்றதாக எதையும் நான் காணவில்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சொல்லிவிட வேண்டும். விடையின் பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோதான் இருக்கும். ‘குழம்பி’, ‘உடைந்து’ போன்ற சொற்கள் வந்தால் எழுத்துகளை மாற்றி அடுக்க வேண்டியிருக்கலாம். ‘தலையில்லா’ என்றால் முதல் எழுத்தையும் ‘கடையிழந்து’ என்றால் கடைசி எழுத்தையும் நீக்கிப் பார்க்க வேண்டும். இவை கைவரும் வரை, முதல் இரண்டு மாதம், ஒரு புதிரில் மூன்று விடைகளைத் தாண்டுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. கிரிப்டிக் கட்டங்களில் வழக்கமாக ஒரு சொல்லின் ஏறத்தாழப் பாதி எழுத்துகளுக்கே குறுக்குச் சொல்லின் துணை கிடைக்கும் என்பதும் தொடக்கத்தில் மலைப்பைத் தரும்.

குடும்பத்தோடு சேர்ந்து போடுவதென்றால் மட்டும் என் பரிந்துரையில் எனக்கே தயக்கம் உண்டு. நேர்க்குறிப்பில் பத்து வயதுப் பிள்ளையும் பாட்டியும் ஒன்றாக உட்கார முடிகிறது; என் மகளுக்குக் கிரிப்டிக்கை இரண்டே முறைதான் காட்டியிருக்கிறேன், இரண்டாம் முறை ‘தலையில்லா’ குறிப்பு ஒன்றை அவளே அவிழ்த்தாள் என்றாலும், அதை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று சொல்லத் துணியமாட்டேன். அதனால் விடுமுறை நாள் காலையில் மட்டும் நேர்க்குறிப்புப் புதிரையும் பென்சிலையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். வார நாட்களில், காலையில் படித்த ஒரே ஒரு கிரிப்டிக் குறிப்போடு என் வேலைகளைத் தொடங்குகிறேன்.